பித்தப்பை எடுத்தாச்சு, இனி எப்படிச் சாப்பிடுவது?

பித்தப்பையை எடுத்தவர்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்பது, "இனிமேல் எண்ணெயே தொடக்கூடாதா?" என்றுதான். தொடலாம். ஆனால் ஒரே வேளையில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதைத்தான் இனி கவனிக்க வேண்டும். ஏன் என்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கிக் கெட்டியாக்கிச் சேர்த்து வைத்திருக்கும், கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் சுருங்கி மொத்தமாகப் பாய்ச்சும். பை போனபிறகும் கல்லீரல் நாளுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரந்துகொண்டேதான் இருக்கிறது. சேர்த்து வைக்க இடமில்லாததால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் வடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்சம் கொழுப்பு வந்தால் அந்த வடிதலே சமாளித்துவிடும், ஆனால் ஒரே தட்டில் நிறைய வந்துவிட்டால் செரிக்காதது கீழே இறங்கி உப்புசம், வாயு, அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடுவது என்று அன்றைய பொழுதையே கெடுத்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர், தெளிவான சூப், அப்புறம் குழைய வேகவைத்த மென்மையான உணவு என்று மெதுவாகப் போங்கள். லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் வழியே அறுவைச் சிகிச்சை, செய்தவர்களுக்குத் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய வாயு மிச்சமிருப்பதால் வருவது அது, எழுந்து கொஞ்சம் நடந்தால் சில நாளில் அடங்கும். சிலருக்கு வலி மாத்திரையால் மலச்சிக்கலும் வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அடுத்த சில வாரங்களுக்குத்தான் கணக்கு தேவை. ஒரு பரிமாறலில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பில்லாத உணவுகளாகத் தேர்ந்தெடுங்கள், பாக்கெட் உணவு என்றால் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே நாலரை கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் ஏறக்குறைய 5 கிராம். அப்படியென்றால் இரண்டு முட்டையை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பொரித்தால் பார்க்கச் சின்னத் தட்டுதான், ஆனால் கிட்டத்தட்ட 15 கிராம் ஒரே வேளையில் போகிறது. அதையே ஒரு முட்டையாக்கி வேகவைத்துக் கொஞ்சம் ரொட்டியோடு சாப்பிட்டால், 3 கிராமைச் சற்றுத் தாண்டினாலும், மூன்றில் ஒரு பங்காகிவிடும். தோல் நீக்கிய கோழி, வேகவைத்த மீன், பருப்பு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கொழுப்பு நீக்கிய பால் தயிர், இவையெல்லாம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மூன்று பெரிய வேளைகளை ஐந்தாறு சின்ன வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை முழுக்கப் பட்டினி கிடந்து மதியம் வயிறு முட்டச் சாப்பிடுவதுதான் என் பார்வையில் மிக மோசமான பழக்கம்.

வயிற்றுப்போக்கைப் பற்றி யாரும் வாய்திறந்து பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பித்தநீரில் உள்ள பித்த அமிலங்கள் வழக்கமாகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். அதைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே தண்ணீரை இழுத்துவிடும், மலம் நீர்த்துப் போகும். ஓட்ஸ், ஆப்பிள், இசப்கோல் மாதிரி கரையும் நார்ச்சத்து இதற்கு உதவும், ஆனால் ஒரே நாளில் அள்ளிப் போட்டால் வாயு தாங்காது, வாராவாரம் கொஞ்சம் கூட்டுங்கள். காபி, ரொம்ப இனிப்பானவை, கொழுப்புள்ள பால் பொருட்கள் சிலருக்கு அதிகப்படுத்தும். உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும்: "காலை 8 மணி, காபி, வெண்ணெய் தடவிய ரொட்டி. 8:40, இரண்டு தடவை." ஒரு வாரம் இப்படி எழுதினால் எதிரி யாரென்று நோட்டே சொல்லிவிடும். நான்கு வாரம் கடந்தும் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டைரமின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அதைச் சாப்பிடும்போது மற்ற மாத்திரைகளுக்கு இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் அவற்றையும் அது பிடித்துக்கொள்ளும், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிறு அமைதியானதும் கொழுப்பை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள், ஒரு நேரத்தில் ஒரு புது உணவு, கொஞ்சம் அளவு. பயத்தில் வருடக்கணக்கில் எண்ணெயே இல்லாமல் இருக்காதீர்கள், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து மலம் வெளுத்துப் போவது, இதில் எது வந்தாலும் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பை இல்லாவிட்டாலும் பித்தக் குழாயில் கல் இருக்கலாம்.