தலைவர் பல்டி அடித்தால் ஓட்டு போய்விடுமா? கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தலைவர் நேற்று சொன்னதை இன்று மாற்றிப் பேசினால் போதும், "இவர் கதை முடிந்தது" என்று எழுதிவிடுகிறோம். இதுதான் முதல் தவறு. ஜெர்மனியின் அரசுத் தலைவராக (சான்சலர்) இருந்த ஏஞ்சலா மெர்கெல் 2010-இல் அணு உலைகளுக்கு ஆயுளை நீட்டித்துக் கொடுத்தார், மறு வருஷமே ஜப்பானில் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு அவற்றை 2022-க்குள் மூடுவதாக அறிவித்தார். முழு பல்டிதான். ஆனால் 2013 தேர்தலில் அவரே ஜெயித்தார்; அணு உலை விஷயத்தில் மக்களில் பெரும்பாலோர் நின்ற பக்கம்தான் அவரும் போனார்.

பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராக இருந்த நிக் கிளெக் விஷயம் வேறு. 2010 தேர்தலுக்கு முன்பு, கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்பேன் என்று ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, அதைப் பிடித்தபடி படமும் எடுத்துக்கொண்டார். கூட்டணி ஆட்சியில் சேர்ந்த அதே வருஷம், கட்டண உச்சவரம்பை ஏறக்குறைய மூன்று மடங்காக, 9,000 பவுண்டுக்கு உயர்த்த அவரே வாக்களித்தார். அடி விழுந்தது அவரை நம்பி ஓட்டுப் போட்ட மாணவர்கள் மேலேயே. 2015-இல் அவர் கட்சி 57 இடங்களிலிருந்து 8-க்கு இறங்கியது.

சரி, அந்தச் சரிவு முழுக்கக் கட்டணத்தால்தானா? அப்படிச் சொல்வதும் தவறுதான், கன்சர்வேட்டிவ் கட்சியோடு கைகோத்ததே பலருக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ் (தந்தை) புதிய வரி கிடையாது என்று 1988-இல் சொல்லிவிட்டு 1990-இல் வரியைக் கூட்டினார், 1992 அதிபர் தேர்தலில் தோற்றார், உண்மைதான். ஆனால் அப்போது பொருளாதாரமும் மந்தமாக இருந்தது, சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ வேறு சுமார் 19 சதவீத ஓட்டு வாங்கினார்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வாக்காளர் ஒரு கொள்கையை முதலில் முடிவுசெய்து, அதை வைத்துத் தலைவரை அளக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் நடப்பது நேர்மாறு. தலைவரை முதலில் பிடிக்கிறது, அப்புறம் அவர் கருத்தே நம் கருத்தாகிவிடுகிறது. அமெரிக்காவின் குடியரசுக் கட்சி நீண்ட காலம் தடையற்ற வணிகத்தை ஆதரித்த கட்சி. 2016 தேர்தல் பிரசாரத்தில் டிரம்ப் வணிக ஒப்பந்தங்களைத் திட்டித் தீர்த்ததும், அக்கட்சி ஆதரவாளர்களிடையே அவற்றுக்கான ஆதரவு கருத்துக்கணிப்புகளில் மளமளவென்று சரிந்தது. யாரும் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை என்றால், யார் வந்து தண்டிக்கப் போகிறார்கள்?

அப்புறம், கூச்சலைக் கணக்கெடுக்காதீர்கள். அதிகம் கத்துகிறவர்களில் பலர் எப்படியும் அந்தத் தலைவருக்கு ஓட்டுப் போடாதவர்கள். போன தேர்தலில் அவருக்குப் போட்டவர்களைத் தேடிப்பிடித்து, "அடுத்த முறையும் போடுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களில் நிறையப் பேருக்கு அவருடைய பழைய நிலைப்பாடு என்னவென்றே தெரிந்திருக்காது.