ஏ.எல் பொருளியலை வயல்கரையில் இருந்து தொடங்குங்கள்

இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்கு (ஏ.எல்) கொமர்ஸ் எடுக்கிற தம்பி தங்கச்சிமார் கனபேர் பொருளியலைப் பாடமாக்கத்தான் பார்க்கிறார்கள். வரைவிலக்கணங்களை மட்டும் பாடமாக்குங்கள், அதில் சொல் மாறினால் புள்ளி போகும். மற்றதெல்லாம் படம் கீறித்தான் பிடிபடும்.

கொப்பியை மூடிவிட்டு வெற்றுத்தாளில் கேள்வி வளையியும் (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள்) நிரம்பல் வளையியும் (எந்த விலைக்கு எவ்வளவு விற்பார்கள்) கீறுங்கள். அச்சுகளுக்குப் பெயர் போடுங்கள், சும்மா போகிற புள்ளி இதுதான். இப்போது காலபோக (பெரும்போக) நெல்லை அதில் வையுங்கள். மாசி, பங்குனியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எல்லா இடமும் ஒன்றாக வெட்டு நடக்கும், றோட்டுக்கரை முழுக்க நெல் காயும், நிரம்பல் வளையி வலப்பக்கம் நகரும், விலை விழும். நல்லாய் விளைந்தும் கையில் காசு குறைவது ஏன்? அரிசி மலிந்துவிட்டதென்று யாரும் இரண்டு மடங்கு சோறு தின்பதில்லை. கேள்வி நெகிழ்ச்சி குறைவு என்பது இதுதான், அளவு கூடுகிற வீதத்தைவிட விலை விழுகிற வீதம் பெரிது, மொத்த வருமானம் இறங்கும். சரி, அதே படத்தில் சமநிலை விலைக்கு மேலே ஒரு கிடைக்கோடு போடுங்கள், அது உத்தரவாத விலை, அதாவது இந்த விலைக்கு வாங்குவோம் என்று அரசு சொல்கிற விலை. 2025 பெப்ரவரியில் அரசு 'நாடு' இன நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா என்று அறிவித்தது. அந்தக் கோட்டில் நிரம்பல் கூட, கேள்வி குறைய. இடையில் வருவது மிகை நிரம்பல். அதை அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்காவிட்டால் விலை தாளில் மட்டும்தான் நிற்கும், இது எங்கள் ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்புறம் 2021 இரசாயன உர இறக்குமதித் தடையையும் தனியாக ஒரு படம் கீறுங்கள். வளையி எந்தப் பக்கம் போகும், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

பேரினப் பகுதிக்கு (முழு நாட்டின் பொருளாதாரம்) அண்ணா அக்காமாரின் பழைய நோட்ஸை அப்படியே நம்பாதீர்கள். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தோடு, முன்பு நாணயக் கொள்கையைத் தீர்மானித்த நாணயச் சபை போய்விட்டது, 2024 நவம்பரில் இருந்து கொள்கை வட்டி வீதமும் (மத்திய வங்கி வைக்கிற அடிப்படை வட்டி) ஒன்றே ஒன்றுதான். மத்திய வங்கியின் தளத்தில் தமிழிலேயே அறிக்கைகள் சும்மா கிடக்கின்றன. சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், முழுக்க வாசிக்க வேண்டாம், அட்டவணைகள் போதும்.

பாஸ்ற் பேப்பரைக் கடைசி மாதத்துக்கு வைக்காமல் அலகு முடிய முடியச் செய்யுங்கள். முதலாம் பகுதி 50 கேள்வி, 2 மணித்தியாலம், ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. பிழைத்த கேள்விக்குச் சரியான விடையை மட்டும் குறிக்காமல், நீங்கள் போட்ட விடை ஏன் பிழை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.