மலையில் தட்டிய தமிழ் சேலத்தில் சிதையாமல் திறக்க: கோப்பு அனுப்புவோருக்கும் பெறுவோருக்கும் ஒரு செய்முறை விளக்கம்

ஏற்காட்டிலுள்ள ஒரு காப்பித் தோட்டத்தின் கூலிப் பட்டியலை மாதந்தோறும் வாங்கிக் கணக்கு முடித்துத் தருவது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் என் வேலைகளில் ஒன்று. பழம் பறிக்கும் பருவத்தில் ஆட்கள் கூடுவதால் பட்டியலும் நீளும். ஒரு டிசம்பர் மாதம் வந்த கோப்பைத் திறந்தபோது, பெயர்கள் இருக்க வேண்டிய பத்தி முழுவதும் தலைமேல் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரிசை கட்டி நின்றன. வழியில் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி, எதை எதையோ மாற்றிப் பார்த்து, இடையில் சேமித்தும் விட்டேன். பிறகுதான் தெரிந்தது, வந்த கோப்பு நன்றாகவே இருந்தது. கெடுத்தது என் சேமிப்பு. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம், “அண்ணே, இன்னொரு தடவை அனுப்பிவிடுங்க” என்று கேட்க வேண்டியதாயிற்று.

ஆகவே முதல் படி: தவறாகத் தெரியும் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். வந்த கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

காரணம் இதுதான். கோப்புக்குள் எழுத்துகள் இல்லை; 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் இருக்கின்றன. ஓர் எண்ணுக்கு ஒரு பைட்டு. எந்த எண் வரிசை எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாட்டையே எழுத்துக் குறியாக்கம் என்கிறோம். இன்று பெரும்பாலும் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘ச’ என்ற எழுத்து 224, 174, 154 என மூன்று பைட்டுகளாகப் பதியும். அதே மூன்றையும் விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கத்திய அட்டவணையை வைத்துப் படித்தால், 224 சாய்கோட்டு ‘ஏ’ ஆகவும், 174 வட்டத்து ‘ஆர்’ ஆகவும் தெரியும். பென் டிரைவ் 20 கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு இறங்கினாலும், மின்னஞ்சல் இணைப்பாக வந்தாலும், வாட்ஸ்அப்பில் ‘டாகுமெண்ட்’ ஆக வந்தாலும் ஒரு பைட்டும் மாறுவதில்லை. எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக அனுப்புவோர் மட்டும் ‘பைனரி’ முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மற்ற முறை வரி முடிவுக் குறிகளைத் திருத்துவதால் யுடிஎஃப்-16 என்ற இன்னொரு குறியாக்கத்தில் உள்ள கோப்புகள் குலைந்துவிடும்.

இரண்டாம் படி ஒரு சிறு சோதனை. இதைச் செய்து பார்த்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பது என் கருத்து. நோட்பேடைத் திறந்து, ‘சேலம்’ என்று மட்டும் தட்டுங்கள். எண்டர் விசையை அழுத்த வேண்டாம். ‘சேவ் ஆஸ்’ சாளரத்தின் அடியில் ‘என்கோடிங்’ என்றொரு பட்டியல் இருக்கும். அதில் யுடிஎஃப்-8, பாம் உடன் யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16 எல்இ, ஆன்சி (கணினியின் பழைய அட்டவணை) என ஒவ்வொன்றையும் தேர்ந்து நான்கு தனிப் பெயர்களில் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பிலும் வலச் சொடுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் அளவைப் பாருங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ அல்ல, அதற்கு மேலே இருக்கும் ‘சைஸ்’.

நம் கண்ணுக்கு ‘சேலம்’ மூன்று எழுத்து. கணினிக்கு அது ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறிகள். யுடிஎஃப்-8இல் குறிக்கு மூன்று பைட்டு வீதம் 15 வரும். பாம் என்பது கோப்பின் தொடக்கத்தில் ஒட்டும் 239, 187, 191 என்ற மூன்று பைட்டு அடையாளம் என்பதால், அதைச் சேர்த்தது 18 காட்டும். யுடிஎஃப்-16இல் குறிக்கு இரண்டாகப் பத்தும், தொடக்க அடையாளம் இரண்டுமாக 12. ஆன்சியில் சேமிக்கும்போது எச்சரிக்கை வரும். மீறிச் சேமித்தால் அளவு 5 என்று காட்டும். திறந்து பார்த்தால் ஐந்து கேள்விக்குறிகள் மட்டுமே இருக்கும். தமிழுக்கு இடமில்லாத அட்டவணை என்பதால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. சாய்கோட்டு ‘ஏ’ தெரிந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கக்கூடும். கேள்விக்குறிகள் உண்மையிலேயே பதிந்துவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க இயலாது, அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் எழுத்துருக் குறைதான். லதா அல்லது நிர்மலா யுஐ எழுத்துருவுக்கு மாற்றினால் தீரும்.

மூன்றாம் படி, அனுப்புவோர் செய்ய வேண்டியது. எக்செலில் தயாரித்த பட்டியலை எக்செல் கோப்பாகவே அனுப்பினால் இந்தத் தொல்லை எழாது. அதன் உள்ளே குறியாக்கம் பதிந்திருக்கிறது. சிஎஸ்வி, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த வெற்றுரைக் கோப்பு, கேட்கிறார்கள் என்றால், சேமிக்கும் வகைகளில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் ஒத்திருக்கும் வெறும் ‘சிஎஸ்வி’யைத் தொட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். நோட்பேடில் சேமிப்பவர்கள் கணினியின் வயதையும் பார்க்க வேண்டும்: 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் தானாக யுடிஎஃப்-8ஐத் தேர்கிறது, தோட்டத்து அலுவலகத்தில் இருந்ததைப் போன்ற விண்டோஸ் 7 கணினி ஆன்சியையே முன்வைக்கும். கோப்பு எக்செலில் திறக்கப்படும் என்றால் பாம் இருப்பது நல்லது. வேறொரு மென்பொருளுக்குள் ஏற்றப்போகிறார்கள் என்றால் பாம் இல்லாமல் அனுப்புங்கள். சில மென்பொருள்கள் அந்த மூன்று பைட்டுகளையும் முதல் தலைப்போடு ஒட்டவைத்து, அந்தத் தலைப்பைக் காணவில்லை என்று பிழை காட்டும்.

நான்காம் படி பெறுவோருக்கு. சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். பாம் இல்லாவிட்டால் எக்செல் கணினியின் பழைய அட்டவணையைக் கொண்டே படிக்கும். வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’யை அழுத்தி, கோப்பைக் காட்டி, ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்தில் பெயர்கள் தமிழில் தெரிந்த பிறகே ஏற்றுங்கள். எக்செலுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரே ஆபிஸ், எந்தக் குறியாக்கம் என்ற கேள்வியைத் திறக்கும்போதே கேட்டுவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதுவே பிடிக்கும்.

என்னைப் போல் தவறாகத் திறந்து சேமித்துவிட்டவர்கள் சாய்கோட்டு ‘ஏ’க்களை மீண்டும் தமிழாக்க முயலலாம், ஆனால் முழுமையாக நம்ப வேண்டாம். ‘ஏற்காடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு குறிகள், 21 பைட்டுகள். அவற்றில் ‘ஏ’ 143 என்ற பைட்டிலும், ‘ற்’ மேலுள்ள புள்ளி 141இலும், ‘டு’வின் உகரக் குறி 129இலும் முடிகின்றன. விண்டோஸ்-1252 அட்டவணையில் இம்மூன்று எண்களுக்கும் எழுத்தே இல்லை. சில மென்பொருள்கள் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத குறிகளாக வைத்துக்கொள்ளும், சில தூக்கி எறிந்துவிடும். புள்ளியும் உகரமும் இல்லாமல் எத்தனை தமிழ்ப் பெயர்கள் தேறும்?

ஐந்தாம் படி, பழைய கோப்புகள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டியவற்றுக்குள் தமிழ்க் குறிகளே இல்லை. பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கான எண்களே உள்ளே இருக்க, எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். பொருளற்ற ஆங்கிலமாகத் தெரிந்தால் இந்த வகைதான். இங்கே ‘என்கோடிங்’ பட்டியலில் எதை மாற்றியும் பயனில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில், எந்த எழுத்துரு முறையிலிருந்து என்பதைச் சரியாகக் குறிப்பிட்டு யூனிகோடுக்கு (யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16 இரண்டுக்கும் அடிப்படையான பொது எழுத்து அட்டவணைக்கு) மாற்ற வேண்டும். இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் உளறலாகிவிடும் என்பதால், அவற்றை முன்பே தனியே எடுத்து வைப்பது உத்தமம்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் எக்செலில் தேடினால் ஒரு பெயர் அகப்படாமல் போகலாம். ‘கொண்டலாம்பட்டி’யின் ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் பதியலாம். முதல் வகையில் அந்த ஊர் 42 பைட்டு, இரண்டாம் வகையில் 45. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது, தேடலுக்குத் தெரியும். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்தே பதிந்தன. பழைய ஜிப் கருவிகளும் தமிழ்க் கோப்புப் பெயர்களைக் குலைப்பதுண்டு. ஆகவே உள்ளே எவ்வளவு தமிழ் இருந்தாலும் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். ஊர்ப் பெயர்களை ஒவ்வொரு முறையும் தட்டாமல் ஒரே மூலப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுங்கள்.

இப்போதெல்லாம் கணக்குப்பிள்ளை பட்டியலோடு கோப்பின் பைட்டு அளவையும் ஒரு குறுஞ்செய்தியில் எழுதிவிடுகிறார். நான் திறப்பதற்கு முன் ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்த்து இரண்டு எண்களையும் ஒப்பிடுகிறேன். போன மாதம் மூன்று பைட்டு கூடுதலாக இருந்தது. யாரோ பாம் சேர்த்துச் சேமித்திருந்தார்கள்.