மலையகக் கூரையில் சூரிய மின்சாரம்: மாலைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

மலையகத்தில் சூரிய மின்சாரம் பொருத்த நினைப்பவர்கள், கூரையில் எத்தனை சோலார் பெனல்கள் கொள்ளும் என்று அளப்பதற்கு முன், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை வீட்டில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். நாட்டின் மின்தேவை உச்சத்தைத் தொடுவது அந்த நேரத்தில்தான். நண்பகலிலோ நிலைமை தலைகீழ்: 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, கூரைச் சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஆகவே பகல் மின்சாரத்தை விற்பதை மட்டும் நம்பி முதலிடுவது இனிப் பொருந்தாது, அதைப் பற்றரியில் சேமித்து மாலையில் பயன்படுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பத்து வாற்று மின்குமிழ்கள் ஐந்து, நான்கு மணி நேரம் எரிந்தால் 0.2 அலகு, 700 வாற்று ரைஸ் குக்கர் அரை மணி நேரத்துக்கு 0.35 அலகு, தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்தால் மொத்தம் ஓர் அலகளவு வரும். 3,000 வாற்று சுடுநீர் ஹீற்றரோ இருபதே நிமிடத்தில் இன்னோர் அலகை விழுங்கிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் அதைத் தவிர்க்க முடியாதென்றால், நண்பகலிலேயே நீரைச் சூடாக்கி வைப்பது நல்லது. பற்றரியை முழுவதும் வடியவிடக் கூடாது என்பதாலும், வெயிலற்ற நாட்கள் தொடர்வதாலும், கணக்கில் வந்த அளவைப் போல் இரு மடங்கு கொள்ளளவு வாங்குங்கள்.

பெனலின் வெப்பநிலை 25 பாகை செல்சியசைத் தாண்டினால், ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வீதம் வரை குறையும்; அவ்வகையில் நுவரெலியாவின் குளிர் நமக்குச் சாதகம், மூடுபனியும் முகிலும் பாதகம். பிற்பகலில் முகில் கூடும் இடங்களில் கிழக்குச் சரிவைத் தேர்ந்தெடுப்பதோடு, மழைநீர் அழுக்கைக் கழுவிச் செல்லும்படி குறைந்தது பத்துப் பாகைச் சாய்வும் கொடுங்கள். ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சூரிய மின் விளைச்சல் குறைந்தாலும், அதே மழைதான் நீர்மின் உற்பத்திக்கான காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. வறண்ட மாதங்களில் நம் கூரைகள் பகலில் தரும் மின்சாரம் அந்நீரை மாலைத் தேவைக்காகக் காத்து வைக்க உதவும்.

பெனல் தரும் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் சாதாரண இன்வேட்டர், பொது மின் வலையமைப்பின் இணைப்பு அறுந்தவுடன் தானும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டது போன்ற வேளைகளில், வெயில் அடித்தாலும் அத்தகைய தொகுதியால் பயனில்லை. ஆகவே பற்றரியுடன் இயங்கும் ஹைபிரிட் இன்வேட்டரைக் கேளுங்கள். இறுதிக் கொடுப்பனவுக்கு முன், பிரதான ஆளியை நிறுத்தச் செய்து, மின்குமிழ்கள் தொடர்ந்து எரிவதை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.