மரங்களுக்கு நடுவே பாரசீகத் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரசீகத் தோட்டம் என்பது சுற்றிலும் மதில் சூழ, வாய்க்கால்களால் நான்கு பாகமாகப் பிரித்து அமைக்கும் ஈரானிய பாணித் தோட்டம். மரங்கள் நிறைந்த மனையில் அதைப் போட வேண்டும் என்று முடிவானதும் பலர் முதலில் மரங்களை வெட்டி மனையைச் சமமாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈரானின் நடுப்பகுதி வறண்ட பூமி. கஷானின் ஃபின் தோட்டம் போன்ற இடங்களில் நிழலுக்காகவே சைப்ரஸ் மரங்களை வரிசையாக வளர்த்தார்கள். அந்த நிழல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

காட்டுக்குள் இது அமையுமா என்று சந்தேகப்பட வேண்டாம். காஸ்பியன் கடலுக்குத் தெற்கே, பெஹ்ஷஹர் ஊருக்குப் பக்கத்தில் அப்பாஸாபாத் தோட்டம் மலைக்காட்டுக்குள்தான் இருக்கிறது. பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் காலத்தது. சரிவைப் படிப்படியாக வெட்டி, அணை கட்டி நீரைத் தேக்கி, அதன் நடுவே செங்கல் கட்டடம் எழுப்பினார்கள். 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த ஒன்பது பாரசீகத் தோட்டங்களில் இதுவும் ஒன்று. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

அடுத்த தவறு கண்ணுக்குத் தெரியாது. நான்கு பாகமாகப் பிரிக்கும் வாய்க்காலை மரத்தடியில் வெட்டுவது. உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் இரண்டடிக்குள் இருக்கும். கிளைகளின் நிழலைத் தாண்டியும் ஓடும். அவற்றை அறுத்தால் மரம் உடனே விழாது, சில வருடங்களில் மெல்லப் பட்டுப்போகும். அப்போது யாருக்கும் வாய்க்கால் ஞாபகம் வராது. வேர்மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கினாலும் இதே கதிதான், வேர் மூச்சுத்திணறிப் போகும். அதனால் இயல்பாகத் திறந்து கிடக்கும் வெளியில் மட்டும் வாய்க்காலை அமையுங்கள். சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, கோடு நேராக இருக்கட்டும்.

பெரிய மோட்டார் வாங்குவதும் வீண். ஃபின் தோட்டத்து ஊற்றுகள் மோட்டார் இல்லாமல், மேட்டிலிருந்து வரும் நீரின் அழுத்தத்திலேயே பொங்குகின்றன. உங்கள் மனையின் சரிவை முதலில் பாருங்கள். ஆழமில்லாத, மெதுவாக ஓடும் நீரே போதும். ஆனால் இலை விழும்! தண்ணீர் நுழையும் இடத்தில் வலை போட்ட சிறு தொட்டி இல்லையென்றால் நீர் கறுத்து நாறிவிடும்.

எல்லையைத் திறந்து விடாதீர்கள். சொர்க்கத்தைக் குறிக்கும் ‘பாரடைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கே மூலம், சுற்றிலும் மதில் சூழ்ந்த இடத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல். கல்மதில் கட்ட வசதியில்லையா, அடர்ந்த உயிர்வேலி போதும். அது இல்லாமல் தோட்டம் காட்டோடு கலந்து உருவம் இழந்துவிடும்.

அப்புறம் செடிகள். பன்னீர் ரோஜாவுக்கும் மாதுளைக்கும் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும், பூ வராது. அரைநிழலுக்கு வயலட் இருக்கிறது, பாரசீகக் கவிதைகளில் ஓயாமல் வரும் பூ. காஸ்பியன் காடுகளிலேயே தரையோடு பூக்கும் சிக்லமன் என்ற சிறு செடியும் இருக்கிறது. எதையும் நடுவதற்கு முன் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி, காலை, மதியம், மாலை என்று வெயில் எங்கே விழுகிறது என ஒரு முழு வருடம் குறித்து வையுங்கள்.