தெரு இதழ் தொடங்க எண்ணுவோருக்கு: விலைக் கணக்கிலிருந்து வலையமைப்பு வரை

வீடற்றவர்கள் தெருவில் நின்று விற்கும் இதழ் ஒன்றைத் தங்கள் நகரத்தில் தொடங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர் குழுவைப் பற்றியும் முதல் அட்டைப்படத்தைப் பற்றியுமே முதலில் யோசிக்கிறார்கள். முதலில் தீர்க்க வேண்டியது, ஒரு பிரதியை விற்றவர் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான். அச்சுச் செலவு, பக்க எண்ணிக்கை, விற்குமிடம், நடத்தை விதி ஆகிய அனைத்தும் அந்தக் கணக்கைச் சார்ந்தே அமையும்.

1989-இல் நியூயார்க்கில் வெளிவரத் தொடங்கிய 'ஸ்ட்ரீட் நியூஸ்' இதழைப் பார்த்த, 'தி பாடி ஷாப்' நிறுவனர்களில் ஒருவரான கோர்டன் ராடிக், ஜான் பேர்டுடன் சேர்ந்து 1991-இல் லண்டனில் 'தி பிக் இஷ்யூ'வைத் தொடங்கினார். விற்பனையாளர் தன் சொந்தப் பணத்தில் பாதி விலைக்குப் பிரதியை வாங்கி முழு விலைக்கு விற்பது அங்கே நிலைபெற்ற முறை. நான்கு பவுண்டு இதழ் விற்பனையாளருக்கு இரண்டு பவுண்டுக்குக் கிடைத்தது. சியாட்டிலின் 'ரியல் சேஞ்ச்' இரண்டு டாலர் இதழை அறுபது சென்ட்டுக்குக் கொடுத்து, அதைவிடப் பெரிய பங்கை விற்பனையாளருக்கு விட்டது. பாதி என்பதை இறங்கக் கூடாத எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கூலி அதற்கு இடம் தராவிட்டால் பக்கங்களைக் குறைக்கலாம், மாதமிருமுறை என்பதை மாத இதழாக்கலாம்; விற்பனையாளரின் பங்கில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

புதிதாகச் சேர்பவரிடம் முதல் பிரதிகளை வாங்கப் பணம் இருக்காது. அதற்காகச் சில பிரதிகளை இலவசமாகக் கொடுத்துத் தொடங்கி வைப்பது பரவலான வழக்கம். அதன்பின் கடன் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து: கடன் ஏறியவர் அலுவலகத்தின் பக்கம் வருவதையே நிறுத்திவிடுவார், நீங்கள் இதழையும் இழப்பீர்கள், ஆளையும் இழப்பீர்கள். விற்காத பிரதியைத் திருப்பி வாங்குவதில்லை என்று வைத்தால், ஒரே மூச்சில் நிறையப் பிரதிகளை வாங்கும்படி எவரையும் தூண்டாமல், விநியோக அறையைக் காலையில் திறந்து வைத்து, ஐந்தும் பத்துமாக வாங்கிச் செல்ல வழி செய்ய வேண்டும். தேங்கிய இதழ்களுக்கும் ஒரு வழி உண்டு. 2013-இல் தொடங்கிய ஏதென்ஸ் நகரத்தின் 'ஷெடியா', விற்காத பிரதிகளின் தாளிலிருந்து விளக்குகளும் அணிகலன்களும் செய்து விற்கிறது.

விற்பனையாளருக்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையும், எழுத்தில் ஒரு நடத்தை விதியும், குறிப்பிட்ட ஒரு விற்குமிடமும் தேவை. விதி சுருக்கமாக இருக்கட்டும்: போதையில் விற்கக் கூடாது, வழிப்போக்கரைத் துரத்தக் கூடாது, இன்னொருவரின் இடத்தில் நிற்கக் கூடாது, அட்டையைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மீறினால் என்ன நடக்கும் என்பதையும், யாரிடம் முறையிடலாம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். விற்குமிடத்தை ஒதுக்குவதில்தான் அதிகத் தகராறு வரும். ரயில் நிலைய வாசலும் அங்காடி வாசலும் எல்லோருக்கும் வேண்டும். யாருக்கு, எத்தனை நாளுக்கு, எந்த அடிப்படையில் என்பது பலகையில் வெளிப்படையாக இருந்தால் பாதிச் சண்டை எழாது.

சட்டத்தை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1982-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், செய்தித்தாளும் பருவ இதழும் மட்டும் விற்பவருக்குத் தெரு வணிக உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது; அமெரிக்காவில் பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் இதழ் விற்பனைக்கும் காவலாக நிற்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தின் உரிய பிரிவை அடையாள அட்டையின் பின்புறத்திலேயே அச்சிட்டுவிட்டால், காவலர் வந்து கேட்கும்போது விற்பனையாளர் வாதாட வேண்டியிருக்காது. பிரிட்டனில் விற்பனையாளர்கள் சுயதொழில் செய்வோராகவே இயங்குகிறார்கள். இந்த வருமானம் அவர்களின் வீட்டு உதவித்தொகையையும் வரியையும் எப்படிப் பாதிக்கும் என்பதை அறிந்த ஒருவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மியூனிக் நகரத்தின் 'பிஸ்' இதழ் இன்னும் ஒரு படி மேலே போய், விற்பனையாளர்களில் பலரை நிரந்தர ஊழியர்களாகவே அமர்த்தியிருக்கிறது. நன்கொடை வலுவாக இருக்கும் இடத்தில்தான் அது கைகூடும்.

பணத்தாள் மறைந்துவரும் நகரங்களில் வழிப்போக்கர் சில்லறை இல்லை என்று சொல்வது உண்மையான காரணம், சாக்கு மட்டுமன்று. ஸ்டாக்ஹோம் இதழின் விற்பனையாளர்கள் 2013-லேயே அட்டை வாசிக்கும் கருவியைக் கையில் எடுத்தார்கள். கருவியைவிடச் சிக்கலானது, வங்கிக் கணக்கு இல்லாத விற்பனையாளருக்கு அந்தப் பணம் எப்படிப் போய்ச் சேரும் என்பது. அலுவலகக் கணக்கில் வாங்கி, அன்றன்றே ரொக்கமாகவோ பிரதிகளாகவோ கொடுப்பதற்கு ஒரு கணக்கேடும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும்.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை ஆரம்ப நாள்களிலிருந்தே இரு தரப்பு உண்டு. பிரபலங்களின் பேட்டியோடு எவரும் வாங்கக்கூடிய பொது இதழாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. வீடற்றவர்களே எழுதும் போராட்டக் குரலாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரக்கத்தால் வாங்குபவர் ஒரு முறை வாங்குவார், படிப்பதற்காக வாங்குபவர் அடுத்த இதழுக்கும் வருவார் என்பதால், இரண்டில் எதைத் தேர்ந்தாலும் படிக்கத்தக்கதாக ஆக்குங்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு இதழை வேண்டாம் என்று நகர்கிறவரிடமும் பிரதியைக் கொடுத்தே அனுப்பும்படி விற்பனையாளருக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரு சிறு அலுவலகம் தனியாகச் சுமப்பது கடினம். அதற்காகவே 1994-இல் உருவான சர்வதேசத் தெரு இதழ்கள் வலையமைப்பு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து, ஏறத்தாழ 35 நாடுகளில் வெளிவரும் நூறளவிலான இதழ்களுக்குத் துணை நிற்கிறது. சேர விரும்புவோர் முதலில் அதன் சாசனத்தைப் படித்து, இதழின் அமைப்பு விதிகளை அதற்கு ஏற்றபடி எழுதிக்கொள்ள வேண்டும். லாபம் விற்பனையாளர்களின் நலனுக்கே செலவாவதும், அவர்கள் தாமே உழைத்து ஈட்ட வழி கிடைப்பதும், ஊடகத்தில் அவர்கள் குரல் ஒலிப்பதும் அதன் சாரம். கணக்கு வழக்கை முதல் நாளிலிருந்தே தனியாகவும் தெளிவாகவும் வைத்திருந்தால் விண்ணப்பம் எளிதாகும்.

உறுப்பினருக்கு உடனே பயன்படுவது செய்திப் பகிர்வுதான். ஓர் இதழ் எழுதியதைத் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்களின் உதவியோடு மற்ற இதழ்களும் வெளியிடலாம். 2015-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துத் தெரு இதழுக்குப் போப் பிரான்சிஸ் அளித்த பேட்டி இவ்வாறே பல நாட்டு இதழ்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு பயன் மாநாடு. விற்குமிடத் தகராறையும் அச்சு விலையேற்றத்தையும் ஏற்கெனவே சமாளித்தவர்களை அங்கே நேரில் கேட்கலாம். (வீடற்றோர் உலகக் கோப்பைக் கால்பந்து, 2001-இல் கேப் டவுனில் நடந்த இத்தகைய கூடுகையில் பிறந்த யோசனை, 2003-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் முதல் போட்டி நடந்தது.) ஆண்டுதோறும் பிப்ரவரியில் வரும் விற்பனையாளர் வாரத்தை உள்ளூர் நாளிதழ்களின் கவனத்தை ஈர்க்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பகிர்வுக்கு உங்கள் கட்டுரையை அனுப்பும்முன் ஒரு வேலை இருக்கிறது. விற்பனையாளரின் வாழ்க்கைக் கதையும் படமும் வேறு நாடுகளிலும் இணையத்திலும் வெளியாகும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். வன்முறையிலிருந்து தப்பி வந்தவரும், வீட்டை இழந்ததை உறவினரிடம் மறைத்து வைத்திருப்பவரும் அவர்களில் இருக்கலாம். பெயரை மாற்றவோ படத்தை நீக்கவோ அவர் கேட்டால், அனுப்பிய எல்லா இதழ்களுக்கும் அதைத் தெரிவிக்கும் பொறுப்பு உங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும்.