ஒரு ராத்திரிக்கு ஒரு ஊர் வேண்டாம்: இங்கிலாந்து கிராமங்களுக்கு இலையுதிர்காலத்தில் வரும் தம்பதிகளுக்கு

ஆகஸ்ட் பிறந்தால் போதும், ஊரிலிருந்து பயணத் திட்டங்கள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிடும். கணவன், மனைவி இரண்டு பேர் மட்டும், அக்டோபர் கடைசி, "நிதானமா கிராமங்களைப் பார்க்கணும், கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்க." திறந்து பார்த்தால், இங்கே வந்த புதிதில் நாங்கள் போட்ட அதே திட்டம். குடை, ஸ்வெட்டர் பற்றி எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தினம் ஒரு ஊர், தினம் ஒரு படுக்கை

பாத் நகரில் ஒரு இரவு, போர்ட்டன்-ஆன்-தி-வாட்டரில் ஒரு இரவு, விண்டர்மியரில் ஒரு இரவு, யார்க்கில் ஒரு இரவு. இந்தத் திட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. இவ்வளவு செலவு செய்து வருபவர்கள் பகல் வெளிச்சத்தைக் கார் கண்ணாடிக்கு வெளியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கும் இடத்தைக் காலை பத்து, பதினொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் சாவி கிடைக்கும். நவம்பர் முதல் வாரத்தில் நாலரை மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். இடையில் இருக்கும் நேரம் முழுவதும் பெட்டிகளோடு சாலையில் போகிறது. போர்ட்டன் இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியிலிருந்து விண்டர்மியருக்கு ஏறக்குறைய 190 மைல், அதாவது 300 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எம்6 நெடுஞ்சாலை நெரிந்தால் நான்கு மணி நேரப் பயணம் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. பணமும் கூடுதலாகத்தான் போகும். வார இறுதியில் பல வீடுகளும் சிறு விடுதிகளும் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தர மாட்டார்கள். ஒரே இரவுக்குக் கிடைப்பதில் நல்லதும் மலிவானதும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருபத்தைந்தாவது கல்யாண நாள். எவ்வளவு சொல்லியும் திட்டத்தை மாற்றவில்லை. ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, "போர்ட்டன்ல ஆத்து மேல குட்டிக் குட்டிப் பாலம் இருக்குமே, நடந்தீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாங்க போய்ச் சேரும்போதே இருட்டிடுச்சுக்கா. காலைல மழை. அவரு நேரமாச்சு, நேரமாச்சுன்னாரு. தண்ணி சத்தம் மட்டும் கேட்டுச்சு." விண்ட்ரஷ் ஆறு அந்த ஊரின் நடுத்தெருவோடு ஓடுகிறது. அவர்கள் தங்கிய அறையிலிருந்து நூறு அடிகூட இருக்காது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஊரில் நான்கைந்து இரவு தங்குங்கள். என்னைக் கேட்டால், காட்ஸ்வோல்ட்ஸில் இருக்கும் சிப்பிங் கேம்டன். 1627-இல் கட்டிய சந்தைக் கூடம் இன்றும் ஹை ஸ்ட்ரீட்டில் நிற்கிறது. உள்ளே தரைக்கற்கள் தேய்ந்து மேடும் பள்ளமுமாக இருக்கும், கால் வைத்துப் பார்த்தாலே தெரியும். 102 மைல் நீளமுள்ள காட்ஸ்வோல்ட் வே நடைபாதை இந்த ஊரில்தான் தொடங்குகிறது. அதில் ஒரு மைல் நடந்தால் டோவர்ஸ் ஹில். கீழே ஈவ்ஷம் சமவெளி முழுதும் தெரியும். மோர்ட்டன்-இன்-மார்ஷ் பக்கத்தில் பேட்ஸ்ஃபோர்ட் மரத்தோட்டம் இருக்கிறது. அங்கே ஜப்பானிய மேப்பிள் மரங்களை மழை நாளில் பார்த்தால் வெறும் சிவப்பு. வெயில் வந்த காலையில், இலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்று பாருங்கள், நரம்புகூடத் தனித்தனியாகத் தெரியும். அந்த வெயில் என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நான்கு நாள் கையில் இருந்தால் காத்திருக்கலாம். ஒரு நாள் மழையில் போனாலும் ஒரு டீயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். அதற்கும் சேர்த்துத்தானே வருகிறீர்கள்? விண்டர்மியர் இருக்கும் ஏரிப் பகுதியும் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு வாரம் வைத்துக்கொண்டு இன்னொரு முறை வாருங்கள்.

கடிகாரத்தை மறப்பது

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள்; இரண்டு மணி, ஒரு மணியாகிவிடும். சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு மறைந்த சூரியன் மறுநாள் நாலே முக்காலுக்கே மறையும். நடைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

ஜிபிஎஸ் சொல்லும் சந்து

கிராமத்தில் ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் நாலைந்து பண்ணைகள் இருக்கும்; ஜிபிஎஸ் எதிலாவது கொண்டு விட்டுவிடும். வீட்டுக்காரரிடம் வழியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகை, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் காருக்கு மணிக்கு 60 மைல் வரை அனுமதி என்கிறது. வேலி இரண்டு பக்கமும் உரசும் ஒற்றைத் தடத்தில் அந்த வேகம் உயிருக்கே ஆபத்து. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம்வரை பின்னால் எடுக்க வேண்டியது நீங்களாகவும் இருக்கலாம்.

வெள்ளை ஸ்னீக்கர்

வேண்டாம். பாதைகள் வயல் வழியாகப் போகின்றன, முழுக்கச் சேறு.

கன்றோடு நிற்கும் மாடு

சுற்றிப் போங்கள். வயலின் கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்.

பைபரியில் ஜன்னலை எட்டிப் பார்ப்பது

காட்ஸ்வோல்ட்ஸ் கிராமமான பைபரியில் எல்லாரும் படம் எடுக்கும் ஆர்லிங்டன் ரோ என்ற பழைய வீட்டு வரிசையில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

ஞாயிறு இரவுச் சாப்பாடு

மதியம் ரோஸ்ட் முடிந்ததும் பல பப்களில் சமையலறையை மூடிவிடுவார்கள். சனிக்கிழமையே ரொட்டியும் முட்டையும் தக்காளியும் வாங்கி வையுங்கள்.